உள்ளபடி நினைப்போம்

2004 டிசம்பர் 26 அன்று பொங்கிய கடல், சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவையும் விட்டுவைக்கவில்லை. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று அக்கரையில் கணவரை இழந்த ஒரு மனைவியை எண்ணிப் பாருங்கள். அவர் அவளுக்கு நண்பருமாயிருந்தார். “மறந்துவிடு” என்பர் சிலர். வேறு சிலரோ படத்துக்கு மாலையிட்டு, அவரைக் குறையே இல்லாதவராக்கிவிடுவர். இதுவும் ஒருவகை மறதியே அன்றோ? அவருடைய அன்பையும் முன்கோபத்தையும் சேர்த்தே அவள் நேசித்தாள். குறையை நீக்கிவிட்டால், எஞ்சுபவர் அவள் கணவரல்லர், வேறு யாரோ. மன்னித்துவிட்ட குறையை நினைவுகூர்தல் பழிப்பதாகாது; அவள் மன்னித்ததற்கு அதுவே சாட்சி. ஆகவே, இறந்தோரை உள்ளபடி நினைப்போம். அருகிலிருக்கும் துணையையும் அவ்வாறே இன்றே ஏற்போம். கடல் தவணை சொல்லி வருவதில்லை.