எந்த வாசலில் தட்டுவது?

ஆட்கொணர்வு மனுவை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்பது சட்டத்தரணிகளின் கவலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து யோசித்தால் அது வேறுவிதமாகத் தெரிகிறது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் அயலிலும் 11 பேர் கடத்தப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தனர். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் ‘கன்சைட்’ எனப்பட்ட இடத்தில் அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்ததாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. 2015 நவம்பரில் இலங்கை வந்த ஐ.நா. செயற்குழுவும் அத்தளத்தில் இரகசியத் தடுப்பிடம் இருந்ததைக் கண்டு சொன்னது. பெற்றோர் ஆட்கொணர்வு மனுக்களோடு நீதிமன்றப் படியேறினார்கள். பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

இவ்வகை மனுக்களை விசாரிக்க அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நாடு முழுவதற்குமான அதிகாரத்தைத் தருகிறது. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அதைக் கொடுத்தது. ஆனால் அந்த மாகாணத்துக்குள் தடுத்துவைக்கப்பட்டவர் விடயத்தில் மட்டும். மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள ஒரு வாப்பா கொழும்புக்கு அலைய வேண்டாம் என்ற அளவில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மகன் எந்த மாகாணத்தில் இருக்கிறான் என்பதை அவர் எப்படி அறிவார்? அதை அறிந்தவன் பிடித்துக்கொண்டு போனவன். ஒரே இரவுப் பயணத்தில் அவனால் மாகாணத்தை மாற்றிவிட முடியும். ஆளை மறைத்தவனே உரிய நீதிமன்றத்தையும் தெரிவு செய்கிறான். இருப்பிடம் தெரியாமைதான் தகப்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதையே மனுவின் குறையாக்கித் தள்ளுபடி செய்தால் அநீதி இரட்டிப்பாகிறது.

இதற்கு வேறு வழி உண்டு. 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் கைதான பலஸ்தீனச் செயற்பாட்டாளர் மஹ்மூத் கலீலுக்காக அந்நகர நீதிமன்றத்தில் மனுப் போட்டபோது, அவர் நியூ ஜேர்ஸிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். பிறகு தொலைதூர லூசியானாவுக்கு. மனுவைத் தள்ளுங்கள், இல்லையேல் லூசியானாவுக்கு அனுப்புங்கள் என்றது அரசு. நீதிபதி இரண்டையும் செய்யவில்லை. மனுப் போட்ட வேளையில் ஆள் எங்கிருந்தாரோ அந்த நியூ ஜேர்ஸிக்கே மாற்றினார். பிந்திய இடமாற்றத்தால் சிறைப்பிடித்தவருக்கு ஆதாயம் கிடைக்கவில்லை.

அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதையும் மனிதரிடையே நீதியாகத் தீர்ப்பளிப்பதையும் அல்குர்ஆன் ஒரே வசனத்தில் (4:58) சேர்த்துச் சொல்கிறது. தவறான வாசலுக்கு வந்த மனுவும் ஓர் அமானிதம் என்றே நான் கொள்வேன். சரியான வாசலுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, வாங்கிய கைக்கு உண்டு.

அதற்காக, மாற்றுவதெல்லாம் நன்மை என்றும் சொல்வதற்கில்லை. 141ஆம் உறுப்புரை, விசாரித்து அறிக்கையிடும் வேலையை மிக வசதியான கீழ் நீதிமன்றத்திடம் ஒப்படைக்க இடம் தருகிறது. யாருக்கு வசதியான? 1996இல் நாவற்குழியில் இராணுவம் பிடித்துச் சென்ற இளைஞர்களுக்காகப் போர்நிறுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தாக்கலான மனுக்கள், எதிர்மனுதாரரின் பாதுகாப்பைக் காரணங்காட்டி அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டன. அச்சமும் தூரமும் மனுதாரருக்கும் உண்டு என்பது கணக்கில் வரவில்லை. 2017இல் அக்குடும்பங்களில் சில யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மீண்டும் புதிதாக மனுப் போட வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கொண்டுபோய் அப்போது 21 ஆண்டுகள்.