இற்செறிப்பும் வீட்டுக்கல்வியும்

அக இலக்கியம் படித்தவர்களுக்கு இற்செறிப்பு என்ற சொல் புதிதல்ல. மகளிடம் ஏதோ மாற்றத்தைக் கண்ட தாய் அவளைத் தினைப்புனத்துக்குப் போகவிடாமல் வீட்டுக்குள் நிறுத்திவிடுவாள். இந்தத் துறையை நடத்தும்போது என் மாணவிகள் சிரிப்பார்கள். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுபோன அம்மாவோ அத்தையோ அவர்களில் பலருக்கு உண்டு. சங்கப் பாட்டை அவர்கள் தங்கள் வீட்டு நடப்பாகவே கேட்கிறார்கள்.

இதனால்தான் 'ஹோம் ஸ்கூலிங்' என்ற சொல்லை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. மதிப்பெண் ஓட்டம், அடி, அவமானம், தனியார் பள்ளிக் கட்டணம் எல்லாமே உண்மை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகத் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். பிள்ளை தன் வேகத்தில் படிக்கிறது, பயமில்லாமல் கேள்வி கேட்கிறது. இதில் என்ன தவறு?

நான் கேட்பது வேறு கேள்வி. கற்பிப்பது யார்? என் தோழி ஒருத்தி பொறியியல் படித்தவள். மகளுக்குக் கற்பிக்க வேலையை விட்டாள். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சோதனை செய்து காட்டுகிறார். அவள் விரும்பித்தான் விட்டாள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யார் வேலையை விடுவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. மகள் கணக்கும் அறிவியலும் கற்கிறாள். கூடவே, படித்த பெண் வேலையை விடுவது இயல்பு என்பதையும், யாரும் சொல்லித்தராமலே கற்கிறாள்.

வீட்டில் படித்து உயர்ந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தஞ்சைக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். தந்தையின் ஏற்பாட்டில் வீட்டிலேயே படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்தப் படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதித்த பிறகும் மூடிய வண்டியில் போய், திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வீட்டுக்கல்வி அவருக்கு அறிவைத் தந்தது. ஊரின் வழக்கத்தை உடைத்தது கல்லூரி வாசலில் போய் நின்ற அந்த வண்டிதான். அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்குப் பயன்பட்டதும் அதுதான்.

பள்ளி சமத்துவக் கூடம் என்று நான் சொல்லமாட்டேன். மாதவிலக்கு நாள்களில் ஒதுங்க இடமில்லாத பள்ளியில் படித்தவள் நான். வகுப்பைப் பெருக்க எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொதுப் பள்ளியில் நடக்கும் அநியாயத்தைக் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நடவுக்குப் போகும் பெண் தலைமையாசிரியர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறை எங்கே என்று கேட்கலாம். வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி மகள் எந்தக் குழுவிடம் மனுக் கொடுப்பாள்?

டெல்டாவில் பள்ளி திறப்பதும் ஜூனில்தான், மேட்டூர் அணை திறப்பதும் ஜூனில்தான். குறுவை நடவுக்கு அம்மா வயலுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அந்த 'யாராவது' எப்போதும் அக்காதான். அவளை இடுப்புக் குழந்தையிலிருந்து விடுவிப்பது பள்ளி மணி. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் 2022இல் வந்த காலை உணவும் அந்த மணிக்குக் கூடுதல் வலு. 2020இல் பள்ளிகள் மூடியபோது வீடு பெண்பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தது என்பதைப் பார்த்தோம்: பாத்திரம், தண்ணீர்க் குடம், களையெடுப்பு, சில வீடுகளில் தாலி. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சிறிதுதான். ஆனாலும் பெண் கற்பிப்பது அங்கே வேலையாகக் கணக்கில் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெயரில் இல்லம் இருந்தாலும் அது கதவைத் திறந்துவைத்த கல்வி.

எனவே வீட்டுக்கல்வி கூடவே கூடாது என்பது என் முடிவல்ல. பள்ளியில் நொறுங்கிப்போன பிள்ளைக்கு வீடு புகலிடமாக இருக்கட்டும். முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பிக்கும் தாய்க்குத் தன் பெயரில் வருமானம் இருக்கிறதா? தன் சாதியும் வசதியும் இல்லாத பிள்ளைகளோடு மகள் தினமும் பழகுகிறாளா? நாளை அவளே பள்ளிக்குப் போகிறேன் என்றால் அனுப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால், நீங்கள் நடத்துவது பள்ளியல்ல, இற்செறிப்பு.