காலிபிளவரும் கொல்லாமையும்

ஓவனில் மொறுமொறுப்பாக வறுத்தெடுக்கப்படும் மசாலா காலிபிளவர் எவரும் தயங்காமல் சைவம் என்று சொல்லும் உணவேயாயினும், சமண நெறியை நுணுகிக் கடைப்பிடிக்கும் பல இல்லங்களில் அந்தக் காய் சமையலறைக்குள் நுழைவதில்லை. நெருங்கிப் பிணைந்த வெண்கொத்துகளின் இடுக்குகளில் அசுவினியும் அந்துப்பூச்சியின் பச்சைப் புழுவும் எளிதில் புலப்படாமல் தங்கியிருக்கும் என்பதே அதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியே இந்தியாவுக்கு வந்த இக்காயைப் பழைய ஆகமங்கள் பெயர் சொல்லி விலக்கியிருக்க இயலாது. எனவே இவ்விலக்குக்கு அடிப்படை ஒரு கொள்கையே.

சமந்தபத்திரர் இல்லறத்தாருக்காக வடமொழியில் இயற்றியதும், தமிழ்ச் சமணரிடையே அருங்கலச்செப்பு என்னும் நூலாக வழங்குவதுமான இரத்தினகரண்டக சிராவகாசாரம், இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ முதலியவற்றை விலக்கச் சொல்லுமிடத்தில், பயன் சிறிது, உயிரழிவு பெரிது என்னும் அளவுகோலை முன்வைக்கிறது. பூக்களுக்கு அன்றே பொருந்திய இந்த அளவுகோல், விரியாத மொட்டுத்திரளாகிய காலிபிளவருக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்; நாவின் இன்பத்துக்காக மட்டும் நாடப்படும் மொறுமொறுப்பைப் பெரும்பயன் என்று வாதிடுவது கடினம்.

எனினும், உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் பிரிவதை மட்டும் கூறாமல், அது பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையாலும் ஆசை வெறுப்புகளாலும், நேர்வதையே இம்சை என்கிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்யப்படும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும் என்றும், சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்ப இம்சையை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்றும் பிற்கால ஆசாரியர்கள் வகுத்தது இதையொட்டியே. இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் கொத்துகளை அமிழ்த்திப் புழுக்களைச் சாகடித்து மிதக்கவிடும் வழக்கத்தை வெறும் சுத்தம் என்று கொள்ள முடியாது. புழு இருக்கக்கூடும் என்று அறிந்தே செய்யப்படுவதால் அது சங்கல்பத்தை வெகுவாக நெருங்கிவிடுகிறது.

காம்போடு சேர்த்துக் கொத்துகளை விரலளவாகப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியின்மேல் ஒவ்வொன்றாகத் தட்டி, விழும் புழுவை அது பற்றியிருக்கும் இலையோடு செடியடியில் விடுவது மற்றொரு வழி. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீரே ஆன இக்காய் முறுகுவதற்கும் இதுவே உகந்தது. ஏனெனில் கொதிநீரில் ஊறிய கொத்து ஈரம் கோத்துக் குழையும், உலர்ந்த கொத்தோ எண்ணெய், மிளகாய்த்தூள், மல்லித்தூள், சிறிது அரிசிமாவு ஆகியவற்றோடு பிசிறப்பட்டு, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பப்பட்டு, 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் இருக்கும்போது, ஓரங்கள் சிவந்து முறுகும். பொறுமையாகப் பார்க்கும் கண்ணே இங்கு அறத்துக்கும் சுவைக்கும் தேவைப்படுகிறது என்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருவது.

ஆனால் ஒரு புழுவும் இல்லாத காலிபிளவர் பெரும்பாலும் மருந்தடித்த வயலிலிருந்து வந்தது. அதாவது கொலை முன்பே, வேறொருவர் கையால் நிகழ்ந்துவிட்டது. உழவு முதலிய தொழில்களில் நேர்வதை உத்யோக இம்சை என்று தனியே பிரிக்கும் சமணம், அதன் சுமையை உழவரோடு நிறுத்திவிடுவதில்லை: பிறரைக் கொண்டு செய்விப்பதையும், செய்ததற்கு உடன்படுவதையும் வினையாகவே எண்ணுகிறது. அதனால் புழு நெளியும் கொத்தைக் கடையிலேயே ஒதுக்கி, மாசற்ற வெண்மையைத் தேடி வாங்குபவரின் தேர்வும் இந்த விசாரணைக்கு உட்பட்டதே.