மறுநாள் இருப்பீர்களா?

ஒவ்வொரு சித்திரையிலும் எனக்கு ஒரு போன் வரும். சென்னை நண்பர்தான். ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை, தோளில் விலை உயர்ந்த கேமரா.

'பாஸ், இந்த வருஷமாவது கூவாகம் போயிடலாம். உங்க ஏரியாதானே? செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்புறோம். நைட் முழுக்க திருவிழா. விடியறதுக்குள்ள ரிட்டர்ன். என்ன சொல்றீங்க?'

வருடா வருடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. போன் வந்தபோது மரக்காணத்தில், அத்தை வீட்டுத் திண்ணையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூவாகம் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன கிராமம். முன்பு விழுப்புரம் மாவட்டம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அந்தப் பக்கம் போய்விட்டது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர்.

அங்கே கூத்தாண்டவர் கோயில். கூத்தாண்டவர் என்றால் அரவான். அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த பிள்ளை. பாரதப் போரில் பாண்டவர்கள் ஜெயிக்க ஒரு களப்பலி வேண்டும். அரவான் சம்மதிக்கிறான். ஆனால், சாவதற்கு முன் ஒரு ராத்திரியாவது கல்யாணம் ஆனவனாக இருந்துவிட ஆசைப்படுகிறான். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக மாறிக் கழுத்தை நீட்டுகிறான். விடிந்ததும் விதவையாகிறான்.

இந்தக் கதையைத்தான் வருடம் தவறாமல் திருநங்கைகள் வாழ்ந்து பார்க்கிறார்கள். 18 நாள் திருவிழா. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் செவ்வாய் இரவு, பட்டுப்புடவையும் பூவுமாக வந்து பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வார்கள். சுற்றுப்பட்டு கிராமத்து ஆண்களும் வேண்டிக்கொண்டு தாலி கட்டிக்கொள்வது உண்டு. விடிய விடியக் கும்மி, பாட்டு, ஆட்டம். புதன் காலை தேர். தேர் அழுகளத்தை அடையும்போது அரவான் கதை முடிந்தது. தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து எறிந்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள்.

ஆக, கூவாகத்தில் நடப்பது ஒரு கல்யாணமும் ஒரு சாவும். நண்பர் கூப்பிடுவது கல்யாணத்துக்கு மட்டும்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2005. பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிது. பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கிக்கொண்டிருந்தவனுக்குக் கையில் பேனாவும் பக்கத்தில் போட்டோகிராபரும் கிடைத்தால் எப்படி இருக்கும்? உலகத்தையே வேடிக்கை பார்க்க லைசென்ஸ் கிடைத்த மாதிரி இருந்தது. அப்படித்தான் கூவாகம் போனேன்.

அந்த இரவில் ஒரு பெண்ணிடம் பேசினேன். என் வயதுதான் இருக்கும். அப்போதுதான் தாலி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் மஞ்சள் ஈரம். எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, 'கல்யாணத்துல போட்டோ இல்லாமலா?' என்றார். கிளம்பும்போது கேட்டார்: 'நாளைக்கு அழுகளத்துக்கு இருப்பீங்களா சார்?'

'கண்டிப்பா' என்றேன்.

இருக்கவில்லை. பக்கம் முடிக்க வேண்டிய அவசரம். விடிகாலை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அந்தப் படம் பெரிதாக வந்தது. பத்திரிகையில் வரப்போகிறது என்று அவரிடம் நான் தெளிவாகச் சொல்லவில்லை. கல்யாண ஆல்பம் போல நினைத்துச் சம்மதித்தவரை லட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஒரு மட்டமான தலைப்பு. அதை வைத்ததும் நான்தான்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது. திட்டவில்லை. 'எங்க ஊர்ல நான் பேன்ட் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போவேன் சார். மெட்ராஸ்ல கம்பெனி வேலைன்னு சொல்லி வெச்சிருந்தேன். சலூன் கடையில உங்க புக்கைப் பார்த்து எங்க அண்ணன்கிட்ட காட்டிட்டாங்க. இனிமே அம்மாவைப் பார்க்க முடியாது.' கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'பரவால்ல சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது' என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

பேர் எழுதி வைத்திருந்தேன். முகவரி வாங்கவில்லை. அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும் ஒரு விதி: பெறுபவர் பற்று, தருபவர் வரவு. எந்தக் கணக்கிலும் ஒருத்தருக்கு ஏதோ கிடைத்தால், இன்னொருத்தர் ஏதோ கொடுத்திருப்பார். அந்த இரவு எனக்கு ஒரு கட்டுரை கிடைத்தது, பேர் கிடைத்தது. கொடுத்தவர் தன் அம்மாவைக் கொடுத்திருக்கிறார். இருபது வருடமாக அந்தப் பற்று என் பேரேட்டில் அப்படியே நிற்கிறது.

கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும்போது இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. மரக்காணத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2013 ஏப்ரல் 25-ம் அதே சித்திரைப் பௌர்ணமிதான். மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கூட்டம் கூட்டமாக வண்டிகள் போன நாளில்தான் இங்கே கலவரம் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. உயிர்களும் போயின. கொண்டாட்டம் ஒரு ஊரில், சாம்பல் இன்னொரு ஊரில்.

அப்படியானால் வெளியாட்கள் யாரும் கூவாகம் பக்கமே போகக் கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. வெளி உலகம் வந்து பார்த்ததால் நல்லதும் நடந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தரம் பத்திரிகையிலும் டி.வி.யிலும் கூவாகம் வரப் போய்த்தான், இப்படி ஒரு சமூகம் இருக்கிறது, அவர்களுக்கும் ரேஷன் கார்டும் வீடும் வேலையும் வேண்டும் என்ற பேச்சு ஊருக்குள் வந்தது. 2008-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. 2017-ல் பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2019-ல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ. இதற்கெல்லாம் போராடியவர்கள் அவர்களேதான். ஆனாலும், யாருமே திரும்பிப் பார்க்காத இடத்தில் போராட்டம் எடுபடுமா?

இந்தக் குழப்பத்தோடு, எனக்குத் தெரிந்த ஒரு திருநங்கைக்கு போன் போட்டேன். திண்டிவனம் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறார். வருடம் தவறாமல் கூவாகம் போகிறவர். வெளியாட்கள் வேடிக்கை பார்க்க வருவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

'ஏன் சார், மூணு மாசம் காசு சேர்த்துப் புடவை எடுக்கறோம். யாருமே பார்க்கலன்னா எதுக்கு கட்டணும்? பார்க்கறது தப்பே இல்ல. ராத்திரில தண்ணியப் போட்டுட்டு மேல கை வைக்கிறான் பாருங்க, அவனைத்தான் செருப்பால அடிக்கணும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. அங்க வந்து செல்பி எடுத்துட்டு, மறுவாரம் பஸ்ல பக்கத்து சீட்ல நான் உட்கார்ந்தா எழுந்து போறான் பாருங்க. அதுதான் தாங்க முடியாது.'

இதை நான் யோசிக்கவே இல்லை. நான் திருவிழா ராத்திரியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு மற்ற 364 நாள்தான் கவலை.

மறுநாள் விடிகாலை அத்தையோடு உப்பளத்துக்குப் போனேன். சித்திரை வெயில்தான் உப்புக்கு உயிர். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் சுண்டச் சுண்ட, உப்பு பூக்கும். வெயில் ஏறுவதற்குள் அதை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். அதனால், இருட்டோடு இருட்டாகப் பெண்கள் இறங்கிவிடுகிறார்கள். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்னமும் போகிறார்.

ஏழு மணிக்கெல்லாம் ரோட்டோரம் ஒரு கார் நின்றது. பாண்டிச்சேரி போகிறவர்கள். வெள்ளை வெளேர் என்று குவிந்திருக்கும் உப்பையும், தலையில் கூடையோடு வரிசையாக நடக்கிற பெண்களையும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கையை ஆட்டினாள். பதிலுக்கு அத்தையும் கையை ஆட்டினார். கார் போய்விட்டது.

'கோவம் வரலியா அத்தை?' என்றேன்.

'எதுக்குப்பா கோவம்? அழகா இருக்குது, எடுக்கறாங்க. ரெண்டு நிமிசம் எறங்கி, உப்பு கிலோ இன்னா வெல போவுது, கூலி எவ்வளோன்னு கேட்டா நல்லாருக்கும். அவங்களுக்கு இன்னா அவசரமோ.'

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து காலைக் கழுவினார். உப்புத்தண்ணியில் ஊறி ஊறிப் பாளம் பாளமாக வெடித்த கால். அது எந்த போட்டோவிலும் வந்திருக்காது.

நடந்து வீடு திரும்பும்போது கூவாகம் விஷயத்தைச் சொன்னேன். நண்பர் கூப்பிட்டதையும், 2005-ல் நடந்ததையும். அந்த போன் கால் பற்றி வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அத்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் சொன்னார்: 'கல்யாணத்துக்குப் போவாட்டியும் யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சாவுக்குப் போவாம இருந்தாத்தான் ஒறவு அத்துப்போவும். நீ சோத்தத் தின்னுட்டு சாவுக்கு நிக்காம வந்துட்ட.'

இதற்கு மேல் எந்தத் தத்துவ ஆசிரியரும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் திருவிழாவுக்கும் ஒரு சத்தமான பாதி உண்டு, சத்தமில்லாத பாதி உண்டு. வேடிக்கை பார்க்கிறவன் சத்தமான பாதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறான்.

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் தாய்லாந்தில் சோங்க்ரான். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்குப் புத்தாண்டு. 2023-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில்கூட இடம் பிடித்துவிட்டது. என் அக்கா மகன் போய்விட்டு வந்தான். போன் முழுக்க வாட்டர் கன்னும் நனைந்த டி-ஷர்ட்டும்தான். அதே திருவிழாவில், பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசீர்வாதம் வாங்குவார்கள். புத்தர் சிலைக்கு நீராட்டுவார்கள். அது ஒன்றுகூட அவன் போனில் இல்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால், அவன் பார்த்தது சோங்க்ரான் இல்லை, அதில் பாதி.

அரவான் கதையில் இன்னொரு வரமும் உண்டு. பலியான பிறகும் போரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டானாம். வெட்டுப்பட்ட தலை களத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நாட்டார் வழக்கில் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க அவன் தலையையே கொடுத்தான். நம்மிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையைத்தான் கேட்கிறார்கள்.

சாவு வீட்டில் நிற்பதும் ஒரு வேடிக்கை ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகலாம். கையில் கேமரா இருந்தால் நிச்சயம் ஆகும். ஆனால், சாவு வீட்டுக்குப் போனால் எப்படி நிற்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரமாக நிற்போம். சும்மா இருப்போம். தூக்க ஆள் வேண்டும் என்றால் கை கொடுப்போம். வழியில் அந்த வீட்டு ஆளைப் பார்த்தால், எத்தனை வருடம் ஆனாலும், நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவோம்.

சாயங்காலம் நண்பருக்கு போன் செய்தேன். 'வரேன். ரெண்டு கண்டிஷன். கேமரா வேண்டாம். புதன்கிழமை அழுகளம் முடியறவரைக்கும் இருக்கணும்.'

'என்ன பாஸ், புதன்கிழமை கிளையன்ட் மீட்டிங் இருக்கே. கேமரா இல்லாம வந்து என்ன பண்றது?'

'அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் இரண்டு நாள் லீவ் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அங்கே வருவாரா, வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியுமா? தெரியாது. அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு, அங்கே நிற்பதைத் தவிர வேறு பதிலும் என்னிடம் இல்லை.

பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார். 'முடிவா எதுக்குப் போற, கல்யாணத்துக்கா, சாவுக்கா?'

'ரெண்டுக்கும்தான் அத்தை.'

'அப்ப ரெண்டு நாள் துணியா எடுத்துக்க.'