பிறர் கண்டதும் நம் அறிவே

தான் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு ஏற்பது அறிவா, வெறும் நம்பிக்கையா? உலகாயதர் காண்டலை மட்டுமே அளவையாகக் (அறியும் வழியாகக்) கொண்டனர். சைவ சித்தாந்தம் காண்டலோடு கருதலையும் (ஊகித்து அறிவதையும்), உரையையும் (பிறர் சொல்லையும்) சேர்த்தது. ஆனால் அது முதன்மையாகக் கருதிய உரை, குற்றமற்ற இறைவன் அருளிய ஆகமம். தவறக்கூடிய மனிதரின் உரையை எந்த அடிப்படையில் ஏற்பது? இதற்கு இன்றைய வானியலில் நல்ல விடை இருக்கிறது. புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையம், நாராயண்காவ் அருகே கோடாடில் தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களை இயக்குகிறது. அவற்றால், சீராகத் துடிக்கும் பல்சார் விண்மீன்களின் துடிப்புகளை அளக்கும் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள், ஐரோப்பியக் குழுவோடு இணைந்து 2023 ஜூனில் காலவெளியின் அதிர்வுகளான மிக நீண்ட ஈர்ப்பலைகளுக்கான சான்றை வெளியிட்டனர். இந்த அலைகள் துடிப்புகள் வந்துசேரும் நேரத்தைச் சற்றே விலகச் செய்யும்; ஒன்று நம்மைக் கடக்கவே ஆண்டுகள் ஆகும் என்பதால் நீண்ட காலப் பதிவுகள் வேண்டும். ஐரோப்பியரிடம் ஏறத்தாழ 25 ஆண்டுப் பதிவுகள் இருந்தன. ஆனால் விண்வெளி எலெக்ட்ரான்களும் துடிப்பைத் தாமதப்படுத்துகின்றன. வானொலி அலைவெண் குறையக் குறையத் தாமதம் கூடும். கோடாட் குறைந்த அலைவெண்களில் இயங்குவதால் அந்தத் தாமதத்தை நுட்பமாக அளந்து தந்தது. முழுவதையும் தனியொருவராகக் கண்டவர் எவருமில்லை.

அப்படியானால் அறிவியலும் குருட்டு நம்பிக்கையும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. 25 ஆண்டுத் தரவு முழுவதையும் எடுத்தபோது சான்று மெலிந்தது. கடைசிப் பத்தாண்டுத் தரவில் வலுத்தது. இரண்டு முடிவுகளையும் அவர்கள் வெளியிட்டார்கள்; ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று முழங்கவில்லை. தன் வாதத்துக்கு இடையூறானதையும் கேட்பவர் கையில் கொடுப்பவரின் சொல்லை ஏற்பது குருட்டுத்தனம் ஆகாது.

பலர் ஒத்துச் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, எல்லோரும் ஒரே பிழையைச் செய்திருக்கலாம் என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதை ஆய்வாளர்களே முதலில் எழுப்பிக்கொண்டார்கள். பூமியின் கடிகாரம் பிசகினால் எல்லாப் பல்சார்களிலும் ஒரே மாதிரியான விலகல் தெரியும். ஈர்ப்பலை என்றால், இரண்டிரண்டு பல்சார்களின் விலகல்களுக்கிடையிலான ஒப்புமை, வானில் அவற்றுக்கிடையிலான கோணத்தைப் பொறுத்து மாறும். அந்த வடிவத்தை ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் இருவரும் 1983-லேயே கணித்திருந்தார்கள். ஆகவே ஒற்றுமை இங்கே தீர்ப்பு அல்ல, விசாரிக்கப்படும் சாட்சி. மனிதரின் உரை அளவையாவது அவர் குற்றமற்றவர் என்பதால் அல்ல; தம் குற்றத்தைப் பிறர் கண்டுபிடிக்க வழி திறந்து வைத்திருப்பதால். இறைவன் குற்றமற்றவன் என்று நம்புவோருக்கும் இது பொருந்தும்: அவன் பெயரால் பேசுகிறவர்கள் மனிதர்கள்தான், அவர்களும் இந்தச் சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும்.