சாயவேரும் ஆய்வுகூடமும்: காத்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒன்றைப் பெருக்குதலும் அதனைக் காத்தலும் ஒரே செயலெனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மூலிகைகளை இழைய வளர்ப்பு முறையால் ஆய்வுகூடத்தில் ஆயிரக்கணக்கில் உண்டாக்கக்கூடிய இக்காலத்தில், இக்கருத்து மீண்டும் ஆராயப்படவேண்டியதாகும். பெருக்கப்பட்ட செடி காக்கப்பட்ட செடி ஆகுமா? காக்கும் கடமை யாரைச் சார்ந்தது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு மன்னார்க் கரையின் மணலில் வளரும் சிறு செடியொன்றின் வரலாறு துணைபுரியும்.

சித்த மருத்துவர் இம்பூறல் என்றும், சாயக்காரர் சாயவேர் என்றும் அழைப்பது ஒரே செடியையே. கோப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இது, இருமலுக்கும் இரத்தம் கக்கும் நோய்க்கும் மருந்தாகக் கொள்ளப்பட்டது. இதன் வேரிலுள்ள செந்நிறப் பொருளோ துணிக்கு நிலைத்த சிவப்பை ஊட்டியது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஆட்சியில், மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் சாயவேர் அரசின் தனியுரிமைப் பொருளாயிருந்தது. வேர் தோண்டும் தொழில் குறிப்பிட்ட சாதியாரின் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. வேரை அறிந்தவர் அவர்கள். வேருக்கு உரியவரோ வேறொருவர்.

பின்னர் ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு இச்செடியின் விதியை மாற்றியது. சாயவேரிலுள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளை 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானிய இரசாயனவியலாளர் செயற்கையாக ஆக்கினர். நிலக்கரித் தாரிலிருந்து மலிவான சிவப்பு கிடைத்ததும் தாவரச் சாயங்கள் சந்தையை இழந்தன. செடி விலைபெற்ற காலத்தில் தோண்டியவனுக்கு உரிமையிருக்கவில்லை. விலையிழந்த காலத்தில் செடியை நினைப்பாரும் அருகினர். ஆய்வுகூடம் இச்செடியின் வாழ்வில் முதன்முதலாகக் குறுக்கிட்ட வரலாறு இதுவே.

இரண்டாவது குறுக்கீடு இழைய வளர்ப்பாகும். தாவரத்தின் தனிக் கலமொன்று முழுத் தாவரமாக வளரும் ஆற்றலுடையது என்னும் எண்ணத்தை ஹபர்லாந்து 1902இல் வெளியிட்டார். முரஷிகே, ஸ்கூக் ஆகியோர் 1962இல் வகுத்த ஊட்ட ஊடகம் இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. கணுவையோ நுனிமொட்டையோ கிருமி நீக்கிக் குடுவையிலிட்டு, வளர்ச்சி ஓமோன்களை உரிய அளவிற் சேர்த்தால் ஒரு துண்டு பல செடிகளாகிறது. தென்னிந்திய ஆய்வுகூடங்களில் சாயவேரும் இவ்வாறு பெருக்கப்பட்டுள்ளது. வேரை மட்டும் தனித்து வளர்த்து நிறப்பொருளைப் பெறும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன.

இம்முறையின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. இலையைக் கொய்தால் செடி மீண்டும் தளிர்க்கும்; வேரைத் தோண்டினால் செடி மாளும். வேரே மருந்தாகும் மூலிகைகளில் ஒவ்வொரு நோயாளியின் சுகமும் ஒரு செடியின் இறப்பாகிறது. குடுவையில் வளர்ந்த செடி அச்சுமையைக் குறைக்குமாயின், அதனை இயற்கைக்கு மாறானதென வெறுப்பது அறிவுடைமையன்று. ஒட்டுமாங்கன்றை ஏற்றுக்கொண்டவர்கள் குடுவைச் செடியை மறுப்பதற்குக் காரணமில்லை.

ஆயினும் குடுவை தருவது எது என்பது தெளிவாக உணரப்படல் வேண்டும். ஒரே துண்டிலிருந்து பெருகிய செடிகள் பெரும்பாலும் ஒரே பரம்பரைத் தன்மையுடையன. ஓர் உலகச் சந்தையையே நிரப்பிய குரோ மிசெல் என்னும் வாழையினம், இத்தகைய ஒருமையினாலேயே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பனாமா வாடல் நோய்க்கு இரையாகி வணிகத்திலிருந்து மறைந்தது. மேலும், மூலிகையின் மருந்துப் பொருள்கள் பல, வறட்சி, உப்பு, பூச்சி முதலியவற்றை எதிர்கொள்ளும் பொருட்டுச் செடி ஆக்கிக்கொள்பவை. பயிரிட்ட சாயவேரிலும் காட்டில் தானே வளர்ந்த வேரே உயர்ந்ததென முற்காலத்தில் மதிக்கப்பட்டமை ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. ஆகவே குடுவை செடியின் எண்ணிக்கையைக் காக்கிறது. அதன் வேறுபாடுகளையும், அதனை மருந்தாக்கிய மண்ணின் சூழலையும் காப்பதில்லை.

உரிமை பற்றிய வினா இதனினும் கடினமானது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் எதிர்ப்பினால் 1997இல் நீக்கப்பட்டது. பாட்டிமார் அறிந்திருந்ததைப் புதிய கண்டுபிடிப்பென ஏற்கமுடியாது என்பதே அதன் பொருள். ஒரு குடுவைச் செடியின் பின்னாலும் அதனை இனங்கண்டு, பெயரிட்டு, பயனறிந்து, தலைமுறைகளாகக் கையளித்தோரின் உழைப்புள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் வேரைத் தோண்டியவர் மறக்கப்பட்டதுபோல, ஆய்வுகூடக் காலத்தில் அறிவைத் தந்தவர் மறக்கப்படுவாராயின், கருவி மாறியதேயன்றி அநீதி மாறவில்லை எனலாம்.

மன்னாரில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தீவின் மணலை இல்மனைட் கனியத்துக்காக அகழும் முன்மொழிவுக்கு எதிராக மக்கள் 2025இல் போராடினர். மணல் அகன்றால் மணலிற் பிறந்த செடியும் அகலும். அவ்வேளையில், “செடி ஆய்வுகூடத்தில் இருக்கிறது, தேவையானபோது வளர்த்துக்கொள்ளலாம்” என எவரேனும் கூறுவாராயின், காப்பதற்கென வந்த கருவி அழிப்பதற்கான அனுமதிச்சீட்டாகிவிடும். இழைய வளர்ப்பின் பேராபத்து ஆய்வுகூடத்துக்கு வெளியேயுள்ளது. அது மனிதருக்கு அளிக்கும் கவலையின்மையே அவ்வாபத்து.

எனவே பெருக்குதல் ஆற்றலைச் சார்ந்தது. காத்தலோ கடமையைச் சார்ந்தது. முன்னது பின்னதற்குத் துணையாகலாம், ஈடாக முடியாது. குடுவையில் வளர்ந்த செடி தோண்டுவோரின் கையைத் தடுத்து, கரையின் செடிக்கு மூச்சுவிட இடந்தருமாயின் அது அறத்தின்பாற்படும். கரையையே இழப்பதற்கு அது சமாதானமாகுமாயின், ஆயிரம் குடுவைகள் நிறைந்திருப்பினும் எதுவும் காக்கப்பட்டதாகாது. பல்கலைக்கழகத்தில் இக்கலையைக் கற்போர் தமக்குள் எழுப்பவேண்டிய முதல் வினா, எத்தனை செடிகளை உண்டாக்கலாம் என்பதன்று. உண்டாக்கிய செடி எந்த மண்ணுக்கு, யாருடைய கைகளுக்குத் திரும்பிச் செல்லும் என்பதேயாகும்.