எளிய பாதை

ஒரு மலைப்பாதையை எளிது என்று சொல்லும்போது நாம் பேசுவது பாதையைப் பற்றியா, நம்மைப் பற்றியா? இமயத்தில், பனியாறு விட்டுச்சென்ற ஏரிகளுக்குக் கிராமங்கள் வழியே மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் நடந்து போகிறார்கள். எங்கள் திருப்பூர்ப் பக்கம் பனி இல்லை, திருமூர்த்திமலை இருக்கிறது. அடிவாரத்தில் அணை, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் கால்வாய் கொண்டுவந்து நிரப்பும் இரவல் நீர். மேலே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள், குருமலையும் குழிப்பட்டியும்.

அங்கிருந்து நோயாளிகளையும் பிரசவ வேதனையில் இருப்பவளையும் தூளி கட்டித் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். சரிவு ஒன்றுதான், கற்களும் அவைதான். மலையேற வருகிறவனுக்குக் கஷ்டம் ஒரு தேர்வு, வேண்டாமென்றால் திரும்பிவிடலாம். திரும்பிவிடக்கூடிய இந்த வசதிதான் அவனுடைய அனுபவத்தைத் தூய்மையானதாகக் காட்டுகிறது. பனியன் கம்பெனிகளின் இரைச்சலிலிருந்து வரும் எனக்குச் சாலையில்லாத மலை ஒரு விடுதலை. ஆனால் அதற்கு விலை இன்னொருவன் தோளாக இருக்கக்கூடாது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சாலைக்கு இடம் தருகிறது: கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல். காடும் ஒரு தரப்பு என்பதை இந்த எண்கள் ஒப்புக்கொள்கின்றன. மரத்துக்காக ஒருவர் வாதாடலாம், யானைக்காகவும் வாதாடலாம். என் தனிமைக்காக வாதாட எனக்கு உரிமை இல்லை.